புள்ளிக்கோட்டு ஆறு

பாலைவனத்தில் ஒரு மனிதன் வெள்ளத்தில் அள்ளுண்டு செத்தான் என்று சொன்னால் வட்டுக்கோட்டையில் யார் நம்புவார்கள்? ஒருவரும் நம்பவில்லை. நாற்பத்து மூன்றாம் ஆண்டு கார்த்திகை மாதம் வந்த தந்தியைத் தபாற்கந்தோர்க்காரர் மூன்று தரம் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாம் தரமும் வாசித்தார். எகிப்து தேசத்துப் பாலைநிலத்தில், இராணுவ வேலைப்படையைச் சேர்ந்த தியாகலிங்கம் வெள்ளத்தில் அகப்பட்டு இறந்துவிட்டார், உடல் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. மணலும் ஒட்டகமும் உள்ள இடத்துக்கு வெள்ளம் எங்கிருந்து வந்ததாம் என்று அவர் பக்கத்தில் நின்ற பியோனைக் கேட்டார். பியோனுக்கு என்ன தெரியும், பாவம்.

தந்தியைத் தியாகலிங்கத்தின் மனைவி மீனாம்பிகை கையில் வாங்கினாள். நாலாய் மடித்தாள். அடுக்களைக் கூரையின் கிடுகுக்குள் செருகினாள். "உவங்கள் பொய் சொல்லுறாங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். நெற்றிப் பொட்டு அழியவில்லை, கழுத்துத் தாலி இறங்கவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? விடுப்பும் ஊர்வம்பும் கேட்கவென்றே பிறந்த சனம். ஆள் சிறைப்பட்டுப் போனான் என்றது ஒரு கட்சி. தந்தி விலாசம் மாறி வந்துவிட்டது என்றது இன்னொரு கட்சி. தியாகலிங்கம் படையை விட்டு ஓடிப்போய் அந்த நாட்டுப் பெண்ணொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான், வெட்கத்தை மறைக்கத் துரைமார் வாய்க்கு வந்ததை எழுதி அனுப்பிவிட்டார்கள் என்றது மூன்றாம் கட்சி. இந்தக் கடைசிக் கதைதான் எல்லாருக்கும் ருசித்தது. கிணற்றடியிலும் சந்தையிலும் கோயில் வீதியிலும் அதையே போட்டு மென்றார்கள். அது மீனாம்பிகையின் காதுக்கும் வந்தது. அவள் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. செத்தவன் திரும்பி வர வழியில்லை, ஓடினவன் என்றைக்காவது வரலாம். அவள் ஓடின புருசனையே தெரிந்தெடுத்துக்கொண்டாள்.

உண்மை தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவளுடைய கூடப்பிறந்த தம்பி முத்துக்குமாரு. அவனும் எகிப்தில் படையில் இருந்தவன். அங்கிருந்து இரண்டு கடிதம் எழுதினான், இரண்டிலும் ஆறு வந்து அத்தானைக் கொண்டுபோய்விட்டது என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. அவள் இரண்டையும் கிழித்து அடுப்பில் போட்டாள். சண்டை முடிந்து, நாற்பத்தாறாம் ஆண்டு பங்குனியில் அவன் கொக்குவில் ஸ்ரேசனில் இறங்கி, மானிப்பாய் வரை பஸ்ஸிலும் அதற்கப்பால் தகரப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்தும் வந்து படலையைத் திறந்தான். மீனாம்பிகை முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தவள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலால் ஒழுங்கையைப் பார்த்தாள்.

"அவர் பின்னாலை வாறாரோ?" என்றாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். அவள் திரும்பிப் போய் விளக்குமாற்றை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தியாகலிங்கம் தானாகப் படைக்குப் போன ஆள் இல்லை. அவனுக்கு நாலு பரப்புப் புகையிலைத் தோட்டம், அதில் விடியச் சாமம் துலா மிதித்துத் தண்ணீர் இறைப்பது, கோயில் திருவிழாவில் மேளம் கேட்பது, இவ்வளவும் போதும். போனவன் முத்துக்குமாருதான். கச்சேரியில் காணிப்படம் கீறிக்கொண்டிருந்தவன், படம் கீறத் தெரிந்தவர்கள் இராணுவத்துக்குத் தேவை என்று கேள்விப்பட்டு, வெளிநாடு பார்க்கும் ஆசையில் போய்க் கையெழுத்து வைத்துவிட்டான். தாய் செத்தபிறகு எட்டு வயது மூத்த அக்காதான் அவனைத் தூக்கி வளர்த்தவள். மூன்று நாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் புருசனிடம் போனாள். உவன் தனியப் போனால் சாப்பிடமாட்டான், குளித்துத் தலை துவட்டமாட்டான், நீங்களும் கூடப் போய் உவனைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்றாள். தியாகலிங்கம் தோட்டத்தைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், சரி என்றான். மச்சானுக்குக் காவலாக வேலைப்படையில் சேர்ந்தான். காவலுக்குப் போனவன் வரவில்லை, காவல் காக்கப்பட்டவன் பெட்டியோடு வந்து நிற்கிறான். அவளால் எப்படி அந்தத் தந்தியை நம்ப முடியும்?

முத்துக்குமாரு வந்து மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. தோட்டத்தில் புல் செருக்கினான், வேலி அடைத்தான், அக்கா போட்டதைத் தின்றான். ஊரார் வந்து கேட்டால் ஆறு வந்தது, அத்தான் போய்விட்டார் என்பான். பாலைவனத்தில் என்ன ஆறு என்பார்கள். பேசாமல் எழும்பிப் போய்விடுவான். பார்த்தீரோ, இவனுக்கும் எல்லாம் தெரியும், அந்தப் பெண்ணையும் கண்டிருப்பான், அக்காவுக்காக மறைக்கிறான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது.

அப்படியே போயிருக்கும், பத்மாசினிக்குச் சம்பந்தம் வராவிட்டால். மீனாம்பிகையின் ஒரே பிள்ளை, வயது பதினேழு. மானிப்பாயில் நல்ல குடும்பம், பையன் பள்ளிக்கூட உபாத்தியாயர், குறிப்பும் பொருந்திவிட்டது. பையனின் தாய் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவள் மறுநாள் ஆள் அனுப்பினாள். தியாகலிங்கத்தின் தமையன் கனகசபாபதி அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு வந்து விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், ஆனால் சுற்றிவளைக்கத் தெரியாதவர்.

பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது யார் என்று அவர்கள் கேட்கிறார்களாம். தகப்பன் உயிரோடு இருந்தால் அவர் எங்கே? செத்துப்போனால் அந்தியேட்டிக் கிரியை எங்கே நடந்தது? தாய் பொட்டோடும் தாலியோடும் நிற்கிறாள், ஊரோ வேறு கதை சொல்கிறது. ஓடிப்போனவனின் பெண்ணை எடுக்க அவர்களுக்கு மனமில்லையாம். பத்து நாளுக்குள் ஒரு மறுமொழி வேண்டும். கனகசபாபதி இதைச் சொல்லிவிட்டு மீனாம்பிகையைப் பார்த்தார். அவர் வருவார், வந்து தாரை வார்ப்பார் என்றாள் அவள். உள்ளே பத்மாசினி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தை முத்துக்குமாரு கண்டுவிட்டான்.

கனகசபாபதி போகும்போது அவனைப் படலையடிக்குக் கூட்டிப்போனார்.

"நீ பக்கத்திலை நிண்டவன். உன்ரை வாயாலை அவளுக்கு விளங்கச் சொல்லு. பிள்ளையின்ரை வாழ்க்கை போகுது."

விளங்கச் சொல்வதாம்! அதைத்தானே அவன் இரண்டரை வருசமாகப் பயந்துகொண்டிருந்தான். ஆறு வந்தது என்று சொல்வது சுகம். எப்படி வந்தது என்று அவளுக்கு விளங்கப்படுத்தினால், அவள் மற்றக் கேள்வியையும் கேட்பாள். அவனுடைய அக்கா மொக்கு இல்லை.

அன்று பின்னேரம் அவள் முன்னால் குந்தியிருந்து அவன் தொடங்கினான். அது ஒரு சின்ன மலைத்தொடர் அக்கா, பத்து மைல் நீளம், நாலு மைல் அகலம், எங்கள் வலிகாமப் பகுதியில் பாதியைத் தூக்கி நிமிர்த்திவைத்ததுபோல. ஒரு புல் இல்லை, ஒரு பிடி மண் இல்லை, முழுக்கக் கல். மூன்று வருசத்துக்கு ஒருமுறை உச்சியில் ஒரு மழை பெய்யும். கல்லிலே தண்ணீர் சுவறாது. சின்னச் சின்னப் பிளவுகளால் இறங்கி, பிளவும் பிளவும் சேர்ந்து வாய்க்காலாகி, வாய்க்காலெல்லாம் ஒரு பள்ளத்தில் வந்து விழும். அந்தப் பள்ளம்தான் ஆறு. மற்ற நாளில் அதில் மணல் மட்டும் கிடக்கும். படத்தில் அதை நீல மையால் புள்ளி புள்ளியாகக் கீறவேண்டும், தண்ணீர் இல்லாத ஆறு என்று அதற்குப் பொருள்.

மீனாம்பிகை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு, மழை பெய்தால் நிலம் குடிக்காதோ என்றாள். எங்கள் ஊரில் எவ்வளவு பெய்தாலும் நாலு நாளில் நிலம் குடித்துக் கிணற்றுக்குள் விட்டுவிடுகிறதே என்றாள். இது அவளுடைய பிழை இல்லை. மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் தாம்பாளம்போலக் கிடக்கிற ஊர். மழை விழுந்த இடத்திலேயே வெள்ளம் நிற்கும், நின்ற இடத்திலேயே வற்றும். ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் கோடையில் மாடு மேய்கிற பள்ளம். மாரியில் பத்து நாள் அடைமழை பெய்தால் கணுக்கால், முழங்கால் என்று ஆறுதலாக ஏறும். அதில் அள்ளுண்டு ஒரு கோழிகூடச் செத்ததில்லை.

வாயால் சொல்லி முடியாது என்று முத்துக்குமாரு எழும்பினான். முற்றத்தில் பரப்பவென்று வண்டியிலிருந்து பறித்திருந்த மணலைக் கூட்டி, இரண்டு ஆள் நீளத்தில் மலையாகக் குவித்தான். பிளவுகளை விரலால் கீறினான். செம்பிலே தண்ணீர் கொண்டுவந்து உச்சியில் ஊற்றச் சொன்னான். அவள் ஊற்றினாள். மணல் அவ்வளவையும் குடித்துவிட்டது. இன்னொரு செம்பு ஊற்றினாள், அதையும் குடித்துவிட்டது. ஒரு சொட்டு ஓடவில்லை.

"எங்கை உன்ரை ஆறு?" என்றாள் மீனாம்பிகை. சிரித்தாள். அவன் வந்த நாள்தொடக்கம் அவள் சிரித்தது அதுதான் முதல்தரம். "நான் சொன்னன்தானே. அவர் வருவார்."

அந்த இடத்தில் அவன் விட்டிருக்கலாம். அக்கா சிரிக்கிறாள், வேறு என்ன வேண்டும்? ஆனால் வாசலில் பத்மாசினி நின்றாள். தாயின் சிரிப்பைப் பார்த்து அந்தப் பிள்ளை சத்தம் போடாமல் அழுதாள். முத்துக்குமாரு கடகத்தையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வழுக்கியாற்றுக்கு நடந்தான்.

ஆறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடுப்பள்ளத்தில் ஒரு முழம் வெட்டினால் களிமண் வரும். இருபது கடகம் சுமந்தான். வைக்கோலை நறுக்கிப் போட்டுக் காலால் மிதித்துக் குழைத்து, மணல் மலைக்கு மேலே நாலு விரற்கடை தடிப்பில் பூசினான். களி ஈரமாக இருக்கும்போதே தென்னோலை ஈர்க்கால் பிளவுகளைக் கீறத் தொடங்கினான். பார்த்துக் கீற அவனிடம் படம் இல்லை, தேவையும் இல்லை. இரண்டு மாதம் கூடாரத்துக்குள் இருந்து, ஆகாயத்திலிருந்து பிடித்த போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து அந்த மலைத்தொடரின் ஒவ்வொரு பிளவையும் மை போட்டவன் அவன். இருநூற்றுப் பதினாலு கோடு. முருங்கையிலைக் காம்புபோலக் கிளைக்குக் கிளை சேர்ந்து கடைசியில் எல்லாம் ஒரே புள்ளிக்கோட்டில் போய் முடியும். கீறல் அழகும் வடிவுமாய் இருக்கிறதென்று கப்டன் அவனைப் புகழ்ந்தார். வடிவைத் தவிர அதில் வேறொன்றையும் அவன் காணவில்லை. அந்தக் கோடுகளில் தண்ணீர் ஓடும் என்பது அவனுக்குப் பாடம். தெரியும், ஆனால் தெரியாது.

ஈர்க்கு களியில் இறங்க இறங்க அந்த நாள் முழுவதும் திரும்பி வந்தது. கீறிய படம் சரிதானா என்று நிலத்தில் பார்க்க எட்டுப் பேர் போய், இருவர் இருவராகப் பிரிந்திருந்தார்கள். நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று கப்டனிடம் கெஞ்சி அத்தானைத் தன்னோடு சேர்த்தவனே முத்துக்குமாருதான். மத்தியானம், கல் சுட்டது. அத்தானுக்கு முதல்நாளிலிருந்து காய்ச்சல் குணம். பள்ளத்தில் ஒரு முள்மரமும் அதன் கீழே பூப்போல மணலும் இருந்தன. இதிலை படுங்கோ அத்தான், நான் மேலை போய் இரண்டு கோணம் எடுத்துக்கொண்டு வாறன் என்றான். தியாகலிங்கம் தோட்டக்காரன், நிலத்தைப் பார்க்கத் தெரிந்தவன். மரத்தின் அடியில் சிக்கியிருந்த காய்ந்த சருகையும் குச்சியையும் கையால் இழுத்துப் பார்த்தான்.

"தம்பி, இது ஆறெல்லோ?"

"ஓம் அத்தான். எங்கடை வழுக்கியாறு மாதிரி."

தியாகலிங்கம் சங்கிலியைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். முத்துக்குமாரு பலகையையும் பென்சிலையும் தூக்கிக்கொண்டு நூறடி ஏறி ஒரு கல்லில் நின்றான். தலைக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல வெளித்திருந்தது. மேற்கே, எட்டு மைலுக்கப்பால், மலைத்தொடரின் தலைமாட்டில் ஒரு கறுத்த மேகம் இறங்கி நின்றது. மழைக்கால் விழுவதும் தெரிந்தது. இவர்களோடு வந்த ஒட்டகக்காரன் தன் விலங்குகளை மேட்டுக்கு விரட்டிக்கொண்டு, மேகத்தைத் தடியால் காட்டி ஏதோ கத்தினான். மழையைக் கண்ட சந்தோசத்தில் கத்துகிறான் என்று முத்துக்குமாரு நினைத்தான். அவனும் கையை உயர்த்திச் சிரித்தான். மேகத்தைக் கண்டால் சந்தோசப்படாத கமக்காரன் எங்கள் ஊரில் உண்டா? அங்கே பெய்கிறது, இங்கே வராது, அத்தான் நனையாமல் நித்திரை கொள்ளுவார் என்று ஆறுதலாகப் பென்சிலைச் சீவினான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. பிறகு பாரவண்டிகள் பல ஒன்றாய் வருவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அப்போதுதான் அந்த இருநூற்றுப் பதினாலு கோடும் அவனுக்கு விளங்கியது. அவன் போட்ட சத்தம் கீழே போய்ச் சேரமுதல் தண்ணீர் சேர்ந்துவிட்டது.

கீறி முடித்துக் கையைக் கழுவினான். சித்திரை வெயிலில் இரண்டு நாள் காய்ந்து களி ஓடுபோல இறுகியது. சனிக்கிழமை காலை பத்மாசினியைப் பெரியதகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அக்காவைக் கூப்பிட்டான். அவள் ஒரு செம்பு தண்ணீரோடு வந்தாள். இன்றைக்கும் சிரிக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தாள்.

அவன் மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்தான். "இது அத்தான்" என்றான். அவள் முகம் மாறியது. அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். எந்த இடம் என்று கேட்டாள். பள்ளம் மலையை விட்டு வெளியே வருகிற வாயில் அவன் விரலை வைத்தான்.

"தலை எந்தப் பக்கம்?"

"தெற்கை."

அவள் கொட்டையைத் தெற்கு வடக்காகக் கிடத்தினாள். பிறகு செம்பை அதற்கு மேலே பிடித்தாள். அங்கே இல்லை என்று அவன் அவள் கையைப் பிடித்து மலையின் மறுதலைப்புக்குக் கொண்டுபோனான். இவ்வளவு தூரத்திலோ என்றாள். ஓம், இவ்வளவு தூரத்தில்தான்.

ஊற்றினாள். களி ஒரு சொட்டும் குடிக்கவில்லை. தண்ணீர் ஈர்க்குக் கீறல்களால் நூல் நூலாக இறங்கியது. நூல் இரண்டு சேர்ந்து கயிறாகியது, கயிறுகள் ஒன்றுக்குள் ஒன்று விழுந்தன. புளியங்கொட்டை கிடந்த இடம் உலர்ந்து கிடந்தது. அதற்கு மேலே வெயில். மீனாம்பிகை கொட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள், தண்ணீரைப் பார்க்கவில்லை. செம்பு வெறுமையாகிவிட்டது, மழை விட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் பள்ளத்தின் திருப்பத்தால் தலையை நீட்டியது. கலங்கி, வைக்கோல் துணுக்கையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு வந்து கொட்டையை அடித்துத் தூக்கிக்கொண்டு போய், களி முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் விரிந்து, நின்று, சுவறிப்போயிற்று. கொட்டையைக் காணவில்லை. எல்லாம் ஒருவன் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்.

அவள் குந்தினாள். நனைந்த மணலைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"கடலுக்குப் போகாதோ?" என்றாள் கடைசியில்.

"போகாது அக்கா. அந்த ஆறு கடலைக் காணாது. மணல் குடிச்சிடும். நாலு நாள் கிண்டித் தேடினனாங்கள், சங்கிலி மட்டும் கிடைச்சது."

அவள் நம்பிவிட்டாள். இரண்டரை வருசம் கூரைக்குள் கிடந்த தந்தி இப்போதுதான் அவளிடம் வந்து சேர்ந்தது. கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. துடைக்கவில்லை. முத்துக்குமாருவுக்கு ஒரு நிமிசம் நெஞ்சு இலேசானது. அழுகிறாள், அழட்டும், இதோடு முடிந்தது என்று நினைத்தான். மடையன்.

அவள் அழுதுகொண்டே மலையைப் பார்த்தாள்.

"மழை உங்கை. அவர் இங்கை. நீ எங்கை நிண்டனி?"

அவன் விரல் தானாகப் போய் அந்த இடத்தைத் தொட்டது. பொய்யான ஒரு இடத்தைக் காட்டியிருக்கலாம். இருநூற்றுப் பதினாலு கோட்டையும் பிழையில்லாமல் கீறிய விரலுக்குப் பிழையான இடம் காட்டத் தெரியவில்லை.

மீனாம்பிகை குனிந்தாள். அவன் தொட்ட இடத்தில் கன்னம் களியில் முட்ட முகத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் மேற்கே பார்த்தாள்.

"உதிலை நிண்டால் மற்றத் தலைப்புத் தெரியுதே."

"ஓம்."

"மேகம் தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலத்துக்கு மேலை."

"அவ்வளவு நேரமும் என்ன செய்தனி?"

"பென்சில் சீவினனான்."

அதைக் கேட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் களிமண் ஒட்டியிருந்தது. முத்துக்குமாரு உளறத் தொடங்கினான். எங்கள் ஊரில் மழை பெய்கிற இடத்தில்தானே வெள்ளம், வேறெங்கோ பெய்கிற மழை இங்கே வந்து ஆளைக் கொல்லும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும், வழுக்கியாற்றைத் தவிர நாங்கள் என்ன ஆற்றைக் கண்டோம் என்று சொல்லிக்கொண்டே போனான். அவள் கையை உயர்த்தினாள்.

"எனக்கு வழுக்கியாறு மட்டும்தான் தெரியும். எனக்கு உது தெரியாட்டில் ஞாயம். உந்தக் கோடெல்லாம் இரண்டு மாசம் இருந்து கீறினது ஆர்?"

அவன் தான் கீறிய கோடுகளைப் பார்த்தான்.

"உன்னைப் பாக்கச் சொல்லி நான்தான் அவரை அனுப்பினனான்" என்றாள். குரல் உயரவில்லை. "நீ ஒருக்கால் திரும்பி அவரைப் பாக்கேல்லை."

பிறகு மணலில் கையை விட்டுக் கிண்டினாள். ஒரு சாண் ஆழத்தில் புளியங்கொட்டை அகப்பட்டது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து அந்தத் தலைப்பிலேயே முடிந்துகொண்டு எழும்பினாள். அவருடைய தமையனிடம் போய் அந்தியேட்டிக்கு நாள் பார்க்கச் சொல்லு என்று, முகத்தைப் பார்க்காமல், மலையைப் பார்த்துச் சொன்னாள். தம்பியோடு அவள் நீ என்று கதைத்தது அதுதான் கடைசி.

வைகாசியில் எல்லாம் நடந்தது. உடல் இல்லாதவர்களுக்குச் செய்வதுபோல ஐயர் தருப்பைப் புல்லால் ஓர் உருவம் கட்டினார். மீனாம்பிகை முடிச்சை அவிழ்த்துப் புளியங்கொட்டையை அதன் நெஞ்சில் வைத்தாள். இது எதற்கு என்று ஐயர் கேட்டார். கிடக்கட்டும் என்றாள். தாலி இறங்கியது. உருவத்தை எரித்த சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோனபோது, வழக்கத்துக்கு மாறாகத் தானும் வண்டியில் ஏறிப் போய், அது முழுவதும் கடலில் கரையுமட்டும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவளே எல்லாம் விளங்கப்படுத்தினாள். முற்றத்து மலையைக் காட்டி, மழை இங்கே பெய்யும், வெள்ளம் அங்கே வரும், கல்லிலே தண்ணீர் சுவறாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோலச் சொன்னாள். ஊர் வாயை மூடிக்கொண்டது. ஓடிப்போனவன் என்று கதை கட்டினவர்களே, ஐயோ அந்த நல்ல மனிசன் என்று மூக்கைச் சிந்தினார்கள். தம்பி பக்கத்தில் நிற்கவில்லையோ என்று சிலர் கேட்டார்கள். அவன் தூரத்தில் நின்றவன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். ஒவ்வொரு தரமும் அப்படியே சொன்னாள். விறாந்தை மூலையில் இருந்து அவன் ஒவ்வொரு தரமும் கேட்டான். அவள் ஒருமுறை உண்மையைச் சொல்லித் தன்னைக் காறித் துப்பியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அந்தச் சுகத்தை அவள் கொடுக்கவில்லை.

ஆவணியில் பத்மாசினிக்குக் கலியாணம். கனகசபாபதி தாரை வார்த்தார். பந்தல் போட இடம் வேண்டும் என்று முத்துக்குமாருவே அலவாங்கு போட்டுக் களிமலையை உடைத்துக் கடகத்தில் அள்ளி வேலியோரம் கொட்டினான். மூன்று நாள் வாழை கட்டினான், சோற்றுக் கிடாரம் தூக்கினான், சபைக்குப் பரிமாறினான். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போனபிறகு, பந்தலுக்குள் கிடந்த வாங்குப்பலகை ஒன்றில் உடம்பு அடித்துப்போட்டதுபோல இருந்தான்.

அந்த வீட்டில் அவன் சிறுவயதிலிருந்து தண்ணீர் குடிப்பது அடுக்களைக்குள் போய், அத்தானுடைய பித்தளைச் செம்பில். பாத்திரத்தை வாயில் முட்டாதே என்று அக்கா ஏசுவாள், அவன் முட்டித்தான் குடிப்பான். எழும்பி அடுக்களைப் பக்கம் போக நினைத்தான். அதற்குள் மீனாம்பிகை வந்துவிட்டாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. கையில் மூக்குப்பேணி, குழல்மூக்கு வைத்த பாத்திரம், வீட்டுக்கு வந்துபோகிற பிறத்தியாருக்குக் கொடுப்பது. நாலு மாதமாக அவனோடு ஒரு சொல் கதைக்காதவள், விருந்தாளியைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள்.

"களைச்சுப்போனீங்கள். தண்ணி குடிக்கிறீங்களோ?"

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அண்ணாந்து, பேணியின் மூக்கால் வாயில் ஊற்றி, உதட்டில் முட்டாமல், முழுவதையும் குடித்தான். அவள் வெறும் பேணிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.